முளைத்ததையெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள்

இந்த ஆடியில் முதன்முதலாக மாடித் தோட்டம் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புதுத் தோட்டக்காரர்களுக்கு,

ஆடிப் பட்டத்தில் விதை ஊன்றிவிட்டீர்கள். பை வாங்கி, தேங்காய் நார்க் கழிவை ஊறவைத்து, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, தண்ணீர் தெளித்து, காலையில் காபி குடிக்கும் முன்பே மாடிக்கு ஓடியிருப்பீர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முள்ளங்கி வந்திருக்கும். அதற்குப் பின்னாலேயே வெண்டை மண்ணைப் பிளந்துகொண்டு தலை தூக்கியிருக்கும். பை நிறையப் பச்சை. அதைப் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினீர்கள். எனக்கும் சிலர் அனுப்பினீர்கள்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரே பையில் குவியலாகத் தக்காளி நாற்று. தொட்டியின் விளிம்பு வரை இடைவெளியே இல்லாமல் முள்ளங்கி. ஒரே இடத்தில் ஐந்து பாகல். எல்லாம் செழிப்பாகத்தான் இருக்கிறது, இந்த வாரத்துக்கு. ஆனால் இப்படியே விட்டால் நீங்கள் ஆசைப்பட்ட காய் வராது. முளைத்தவற்றில் பெரும்பகுதியை நீங்களே உங்கள் கையால் எடுத்துவிட வேண்டும், அதுவும் இப்போதே. முதல் வருடம் தோட்டம் போடுகிறவர்கள் விதையிலும் உரத்திலும் காட்டுகிற அக்கறையை இந்த ஒரு வேலையில் காட்டுவதில்லை. மூன்று மாதம் கழித்து, “மாடியில என்ன போட்டாலும் ஒண்ணும் காய்க்கல” என்று பைகளை மடித்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மண்ணிலும் தப்பில்லை, விதையிலும் தப்பில்லை.

எடுங்கள் என்று சொன்னால் யாருக்கும் மனசு வருவதில்லை. “நாமளே விதை போட்டு நாமளே புடுங்கறதா? பாவம்ங்க” என்று எங்கள் தெருவில் ஓர் அக்கா கேட்டார். அந்த ஈர மனசை நான் மதிக்கிறேன். ஆனால் அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: நீங்கள் எடுக்காவிட்டால் அவை எல்லாம் பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பைக்குள் அவை ஒன்றையொன்று நெருக்கும். வலுவில்லாதது மஞ்சளடித்து மெல்லச் சாகும். வலுவானதும் தன் முதல் மாதத்தை அந்தப் போட்டியிலேயே செலவழித்துவிட்டு, அதற்குப் பிறகு தேறவே தேறாது. நம் பருத்திக்காடுகளிலும் சோளக்காடுகளிலும் பயிர் கலைத்துவிடுவது களை எடுப்பது மாதிரி வழக்கமான வேலை. உழவர் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதில் தயக்கம் இருப்பதில்லை. நகரத்து மாடிக்கு வந்த பிறகுதான் நாம் இதை மறந்துபோனோம்.

“நெருக்கமா இருந்தா என்ன, கூடக் கொஞ்சம் உரம் போட்டுக்கலாமே” என்று சிலர் கேட்கிறீர்கள். உரத்தால் தீர்க்க முடியாத விஷயம் இதில் ஒன்று இருக்கிறது, அது வெளிச்சம். இலையில் இருக்கும் பச்சையம் வெயிலிலுள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு அடுத்தாற்போல, நம் கண்ணுக்குப் பெரும்பாலும் தட்டுப்படாத தொலைச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஒரு செடியின் பக்கத்தில் இன்னொரு செடி இருந்தால், அதன் தண்டின் மேல் படும் தொலைச்சிவப்பு ஒளியின் பங்கு கூடுகிறது. ஃபைட்டோகுரோம் என்ற நிறமியால் செடி அதை உணர்ந்துகொள்கிறது. அர்ஜென்டினாவின் கார்லோஸ் பல்லாரேயும் உடனிருந்த ஆய்வாளர்களும் 1990இல் இதை நேர்த்தியாகக் காட்டினார்கள். இளஞ்செடிகளின் தண்டைச் சுற்றி, தொலைச்சிவப்பு ஒளியை மட்டும் வடிகட்டிவிடும் திரவம் நிரப்பிய சின்ன வளையத்தை மாட்டினார்கள். தொலைச்சிவப்பு ஒளி வடிகட்டப்படாத செடிகள் பக்கத்தில் துணை வந்ததும் விறுவிறுவென்று நீண்டன. வடிகட்டும் வளையம் மாட்டியவற்றில் அந்த வேகம் தணிந்துவிட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு செடியின் நிழல் இன்னொன்றின் மேல் விழுவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. நிழல் வரப்போகிறது என்ற சேதி கிடைத்த உடனே செடி தன் பலத்தை வேரிலும் இலையிலும் போடாமல் தண்டை நீட்டுவதில் போட ஆரம்பிக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களில் நூல் போல நீண்டு, லேசாகச் சாய்ந்து நிற்கும் தக்காளி நாற்றுகள் அப்படி ஆனவைதான். “சூப்பரா வளருது” என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள். அது வளர்ச்சி மாதிரி தெரியும் ஓட்டம். அதனால்தான் செடிகள் பெரிதான பிறகு கலைத்துக்கொள்ளலாம் என்று நாள் தள்ளக் கூடாது என்கிறேன்.

இன்னொன்று நாற்றழுகல். நேற்று வரை நன்றாக நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். கிட்டப்போய்ப் பார்த்தால், மேலே இலை பச்சையாகவே இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நீர் கோர்த்து, பழுப்பேறி, கிள்ளி விட்டது போல ஒடுங்கியிருக்கும். பித்தியம் முதலான, பூஞ்சணம் போன்ற நுண்ணுயிர்களின் வேலை அது. காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் இவை பெருகும். அடர்ந்து முளைத்த நாற்றுகளின் அடிப்பக்கத்தில் அந்த ஈரம் மத்தியானம் ஆனாலும் காய்வதில்லை. ஒன்றில் வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் தாவும். விதைக்கும் முன்பே டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்வது நல்லது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் மண்ணை நனைத்து வைக்காமல் காலையில் ஊற்றுவதும் நல்லது. ஆனால் இடைவெளி விடாமல் இவை இரண்டையும் செய்து பயனில்லை.

சரி, செடிக்குச் செடி சின்னதாகப் போனாலும் எண்ணிக்கை கூடுகிறதே, மொத்தத்தில் விளைச்சல் அதிகம்தானே என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 1953இல் தத்சுவோ கிராவும் அவருடைய குழுவினரும் ஜப்பானில் பயிர்களைப் பல நெருக்கங்களில் விதைத்து எடை பார்த்தார்கள். ஓர் அளவு வரைக்கும் செடி கூடக் கூட மொத்த எடை கூடியது. அதற்கு மேல் எத்தனை செடி சேர்த்தாலும் மொத்த எடை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பரப்பில் விழும் வெயிலும் அங்கிருக்கும் சத்தும் அவ்வளவுதான். அதை எத்தனை பேர் பங்கு போட்டாலும் கூடாது.

கீரைக்கும் முள்ளங்கிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. முளைக்கீரையில் தண்டு, இலை என்று வேர் தவிர எல்லாவற்றையும் சாப்பிடுகிறோம். மொத்த எடை ஒன்றுதான் என்றால், அது நூறு செடியில் இருந்தால் என்ன, ஐம்பதில் இருந்தால் என்ன? கீரையை ஓரளவு நெருக்கமாக விடலாம். முள்ளங்கியில் நமக்கு வேண்டியது கிழங்கு. நெருக்கத்தில் மாட்டிய முள்ளங்கி இலையாக நிற்கும். இழுத்துப் பார்த்தால் கீழே எலி வால் மாதிரி ஒரு வேர் வரும். மொத்த எடை ஒருவேளை அதே அளவாகக்கூட இருக்கலாம். ஆனால் சாம்பாருக்கு ஒன்றும் தேறாது. எந்தக் காய் போட்டாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் செடியில் நான் எந்தப் பாகத்தைச் சாப்பிடப் போகிறேன்? இடைவெளி அதிலிருந்துதான் முடிவாகிறது.

கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும் என்று நம் உழவர்கள் சொல்வார்கள். அடர்த்தியில் கிடைப்பது வைக்கோல் போர்தான், தானியம் இல்லை என்ற அதே கணக்கு. நெல்லுக்கு நடுவே நண்டு ஓட வேண்டும், கரும்புக்கு நடுவே நரி, வாழைக்கு வண்டி, தென்னைக்குத் தேர் என்று அளவுநாடா இல்லாத காலத்திலேயே இடைவெளிக்கு அளவு வைத்திருந்தார்கள். ஆனாலும் நெல்லில் குத்துக் குத்தாக நாற்றைச் சேர்த்து நடும் பழக்கம் போகவில்லை. மடகாஸ்கரில் ஹென்றி த லோலானியே என்ற பாதிரியார் 1980களில் உருவாக்கிய முறை, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, 14 நாள் நாற்றை ஒற்றை ஒற்றையாக, 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடச் சொன்னார்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும் என்றார்கள். நட்ட புதிதில் அந்த வயல் வெறிச்சோடித்தான் கிடக்கும். ஒற்றை நாற்று தூர் கட்டிப் பெருகிய பிறகுதான் நம்பிக்கை வரும். உங்கள் பைகளும் கலைத்த அன்று அப்படித்தான் மொட்டையாகத் தெரியும். பயந்துவிடாதீர்கள்.

இனி எப்படிக் கலைப்பது என்று பார்ப்போம்.

முதலில் வருகிற இரண்டு இலை விதைக்குள் இருந்த வித்திலை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதற்கு நடுவிலிருந்து அந்தச் செடிக்கே உரிய இலை ஒன்றிரண்டு விரிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். வெண்டைக்கும் முள்ளங்கிக்கும் விதைத்த பத்து நாளை ஒட்டி இது வந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு செய்வது நல்லது. மிச்சம் இருக்கும் செடிகளின் வேர் கொஞ்சம் அசைந்தாலும் இரவுக்குள் சமாளித்துக்கொள்ளும். அரை மணி நேரம் முன்னால் மண்ணை நனைத்துவிடுங்கள்.

எதை வைப்பது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். கண்ணுக்கு முதலில் படுவது உயரமான செடி. அதை வைத்துக்கொண்டு குட்டையாக இருப்பதைப் பிடுங்கிவிடுவார்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள். குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள். எது தடிமனாக, நிமிர்ந்து, இலைகள் அடர்பச்சையாக இருக்கிறதோ அது தங்கட்டும். நீண்டு வெளுத்தது வெளிச்சத்துக்கு ஏங்கிய செடி. இலை சுருண்டது, ஓரத்தில் பூச்சி கடித்தது, பையின் விளிம்பை ஒட்டி நிற்பது, இவையும் போகலாம்.

பிடுங்குவதைவிட வெட்டுவதே எனக்குப் பிடித்த வழி. இரண்டு வெண்டை விரல் இடைவெளியில் நிற்கிறது என்றால் வேர்கள் ஏற்கெனவே பின்னியிருக்கும். ஒன்றை இழுத்தால் மற்றதும் அசையும். நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைத் தண்டின் அடியில் மண்ணை ஒட்டிக் கொடுத்து ஒரு நறுக்கு; தண்டு இளசாக இருந்தால் நகத்தால் கிள்ளினாலே போதும். வெட்டிய வேர் மண்ணுக்குள்ளேயே மக்கிவிடும். வித்திலைக்குக் கீழே வெட்ட வேண்டும். மேலே வெட்டினால் சில செடிகள் மறுபடி துளிர்த்துவிடும்.

வேலையை இரண்டு தவணையாகச் செய்யுங்கள். மாடியில் அணில் உண்டு, புறா உண்டு, இரவில் தண்டை அறுக்கும் புழு உண்டு. முதல் தவணையில் ஒன்றுக்கு இரண்டாக விடுங்கள். அடுத்த வாரம் இரண்டும் நன்றாக இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். அந்த இரண்டாவது தவணையைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள்; இரண்டும் அழகாக இருக்கிறதே என்று. அந்த நேரத்தில் கை நடுங்கக் கூடாது.

இடைவெளிக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலத்துக்குச் சொல்லும் அளவுகளை மாடிக்கு வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம். வெண்டைக்கு 45க்கு 30 சென்டிமீட்டர்; ஒரு இடத்தில் மூன்று விதை ஊன்றி, பத்து நாளில் இரண்டாகக் கலைக்கச் சொல்கிறார்கள். நிலத்தில் வேர் ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் போகும். உங்களுடைய 12 அங்குலப் பை 30 சென்டிமீட்டர்தான். சுவரில் முட்டினால் வேர் திரும்பி வர வேண்டியதுதான். அதனால் ஒரு பைக்கு ஒரு வெண்டை என்பது என் கருத்து. ஒற்றைச் செடி கிளை விட்டுக் காய்க்கும்போது பாருங்கள், இரண்டாவது செடி இருந்தால் அந்தக் கிளைக்கு இடமே இருந்திருக்காது. வெண்டைதான் புதியவர்களுக்கு இதைச் சீக்கிரம் கற்றுக்கொடுக்கும் செடி. ஒரு பையில் ஒன்று, பக்கத்துப் பையில் மூன்று என்று விட்டுப் பாருங்கள். நாற்பத்தைந்து ஐம்பது நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் நிலத்தில் 60க்கு 45. பையில் ஒன்றே ஒன்று. கத்திரி இன்னும் பரந்து வளரும். அதற்குப் பெரிய பையாகக் கொடுங்கள். இவை மூன்றும் நாற்றாகப் பிடுங்கி நட்டால் தாங்கும் என்பது பெரிய வசதி. பையில் அள்ளித் தூவியவர்கள் கவலைப்பட வேண்டாம். மண்ணை நன்றாக நனைத்து, ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை அடியில் கொடுத்து நெம்பி எடுங்கள். தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் இன்னொரு இலை வரும், நசுங்கிய தண்டு மீளாது. அடுத்த முறை குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போட்டு, தக்காளியை ஏறக்குறைய 25 நாளிலும், கத்திரியை 30, 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் எடுத்து நட்டால் கலைக்கிற வேலையே இல்லை. வெண்டையையும் முள்ளங்கியையும் அப்படி இடம் மாற்ற முயலாதீர்கள். ஆணிவேர் ஒடிந்தால் வெண்டை வாரக்கணக்கில் முழிக்கும். முள்ளங்கி கோணலாகக் கிளைத்துவிடும்.

பாகல், புடல், பீர்க்கன் போன்ற கொடிகளில் எண்ணிக்கைதான் ஏமாற்றும். நிலத்தில் பாகலுக்கு 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் குழி எடுத்து, குழிக்கு ஐந்து விதை ஊன்றி, 15 நாள் கழித்து இரண்டை மட்டும் விடுவார்கள். யோசித்துப் பாருங்கள், அவ்வளவு பெரிய இடத்துக்கே இரண்டு கொடி. உங்கள் மாடிப் பந்தல் ஒரு கட்டில் அளவு இருந்தால் அதற்கு ஒரு பாகல் தாராளம்.

பீட்ரூட் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “எண்ணி எண்ணித்தான் ஊன்றினேன், ஆனாலும் கொத்தாக முளைத்திருக்கிறதே” என்று குழம்பியிருப்பீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. கடையில் வாங்கிய கரடுமுரடான அந்த ஒரு உருண்டை, பல காய்கள் ஒட்டி உண்டான முடிச்சு. அதிலிருந்து இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு முளைகூட வரும். சிவந்த தண்டோடு அவை ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். பிரிக்கப் போனால் எல்லாம் கையோடு வந்துவிடும். இங்கே கட்டாயம் கத்தரிக்கோல்தான். கொத்துக்கு ஒன்று, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல். முள்ளங்கிக்கும் அதே அளவு. முள்ளங்கியில் நாள் தவறினால் அவ்வளவுதான். கிழங்கு திரளத் தொடங்கும் நேரம் சீக்கிரம் வந்து போய்விடும். கொத்தமல்லியும் ஒரு காய்க்குள் இரண்டு விதை உள்ளதுதான். லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவுங்கள், அதற்கு மேல் அதைக் கலைக்க வேண்டாம், இலைக்காக வளர்க்கிறீர்கள்.

எடுத்ததை என்ன செய்வது? முள்ளங்கி, பீட்ரூட் இளங்கீரையைப் பருப்போடு சேர்த்துக் கூட்டு வையுங்கள், பாசிப்பருப்புக்கு அருமையாகச் சேரும். கீரைப் பையில் பத்துப் பன்னிரண்டாம் நாளிலிருந்து நெருக்கமான இடத்தில் வேரோடு எடுத்துக்கொண்டே வந்தால், அதுவே முதல் அறுவடை. மிச்சம் இருப்பது தானாகத் தடிக்கும். தக்காளி, மிளகாய், கத்திரி நாற்றுகளை ஒரு காகிதக் கோப்பையில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். தக்காளி இலையைச் சமையலில் சேர்க்கக் கூடாது. வெண்டை, பாகல் நாற்றை நறுக்கி அந்தப் பையிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். நோய் பிடித்ததை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

விதைப் பொட்டலம் பிரித்தால் முழுவதையும் போட்டுவிட வேண்டும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதையும் விட்டுவிடலாம். மிச்ச விதையை ஈரம் படாமல் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, கொஞ்சம் சாம்பல் சேர்த்து நிழலில் வைத்தால் கத்திரி, தக்காளி, வெண்டை விதைகள் தை மாதத்துக்கும் முளைக்கும். வெங்காய விதை மட்டும் சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். அதை அந்தந்தப் பட்டத்திலேயே போட்டுவிடுங்கள். கீரை விதை பொடியாக இருப்பதால் கை கட்டுக்குள் நிற்காது. மணல் கலந்து தூவுங்கள், பரவலாக விழும். கலைக்கிற வேலையில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

கலைத்து முடித்த கையோடு தண்டைச் சுற்றி மண்ணை இரண்டு விரலால் அழுத்திவிடுங்கள், பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலையில் ஒன்றிரண்டு செடி சோர்ந்து நின்றால் ஒரு நாள் நிழல் கொடுங்கள். உரம் எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். ஏதாவது ஒரு பையில் இருந்த ஒற்றைச் செடியும் போய்விட்டால், வெண்டையாக இருந்தால் உடனே அதே இடத்தில் மறுபடி விதை ஊன்றுங்கள், ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. தக்காளியோ கத்திரியோ என்றால் உங்களைப் போலவே புதிதாகத் தொடங்கிய இன்னொருவரிடம் கேளுங்கள். அவரும் இதைப் படித்துவிட்டுக் கலைத்திருந்தால் கொடுக்க நாற்று வைத்திருப்பார்.

அன்புடன்,
உங்களுக்குச் சில பட்டங்கள் முன்னால் தொடங்கிய ஒரு மாடித் தோட்டக்காரர்